ஓரக்கோட்டில் ஓடுகிறவனின் கூலி

ரக்பி லீக் ஆட்டத்தில் ஓர் அணிக்குப் பதின்மூன்று பேர். அதில் 2-ஆம் எண் சட்டையும் 5-ஆம் எண் சட்டையும் விங்கர்களுக்கு. இடது ஓரத்தில் ஒருவன், வலது ஓரத்தில் ஒருவன். ரக்பியில் பந்தைக் கையால் முன்னால் எறியக்கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். அதனால் நடுவில் கிளம்பும் பந்து கை மாறிக் கை மாறி, கடைசியில் ஓரத்தில் நிற்பவனிடம் வந்து சேரும். அதற்குள் எதிரணிக்காரர்கள் நெருங்கியிருப்பார்கள். ஒரு பக்கம் அவர்கள், மறுபக்கம் ஓரக்கோடு. கால் கோட்டில் பட்டால் பந்து போச்சு. நடுவில் கிடைக்கும் ஒரு முழ இடத்தில் ஓடிப்போய்க் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தால் அது ட்ரை. இன்று அதற்கு நான்கு புள்ளி, 1983 வரை மூன்று.

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் நான். இடைநிலைப் பள்ளியில் நூறு மீட்டர் ஓட்டத்தைப் பார்த்த ஆசிரியர் என்னைப் பிடித்து விங்கில் நிறுத்தினார். தோட்டத்துப் பையன் என்றால் ஒல்லி, வேகமாக ஓடுவான், ஓரத்தில் நிற்கட்டும் என்பதுதான் கணக்கு. உயரத்தில் உதைத்த பந்தை எப்படிப் பிடிப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. நானாகக் கற்றுக்கொண்டேன்: பந்துக்குப் பக்கவாட்டாக நின்று, முழங்கைகளை ஒட்டவைத்து, நெஞ்சில் வாங்கவேண்டும். கையை விரித்து வைத்தால் பந்து நடுவில் நழுவி மூக்கில் அடிக்கும்.

அலோர் ஸ்டாரில் ஆட்டம் என்றால் பேருந்துக் காசு வேண்டும், பூட்ஸ் வேண்டும், சாப்பாட்டுக்கு ஏதாவது வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், ஆட்டம் விடுமுறை நாளில்தான் வரும். விடுமுறை நாளில் நான் அம்மாவுக்குக் கைத்துணை. விடிவதற்கு முன்பே பெயர் கூப்பிடும் பெரட்டு முடிந்து தீம்பாருக்குள், ரப்பர் மரங்களுக்கிடையே போய்விடுவோம். அம்மா மரம் வெட்டிக்கொண்டு போவார், நான் பின்னால் பால் வடியும் மங்கு துடைத்து வைப்பேன், ஒட்டுப்பால் உரித்துச் சேர்ப்பேன். பிறகு பால் எடுத்து வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடக்கவேண்டும். நான் இல்லாத நாளில் பால் குறையும். பால் குறைந்தால் கூலி குறையும். ஆட்டத்துக்குப் போகக் கேட்டபோது அம்மா கோபப்படவில்லை. "நீ ஓடுனா யாருடா கூலி போடுவா?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

அம்மா கேட்டதே இங்கிலாந்தின் வடக்கில் ஒரு பெரிய சண்டையாக நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரியவந்தது வெகுகாலம் கழித்துத்தான். அங்கே யார்க்‌ஷயர், லங்காஷயர் பக்கத்தில் ரக்பி ஆடியவர்கள் நிலக்கரிச் சுரங்கத்திலும் பஞ்சாலையிலும் வேலை செய்தவர்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அந்த வேளைக் கூலி கிடையாது. விட்டுப்போன கூலியைக் கிளப்பே ஈடுசெய்யட்டும், நாளுக்கு ஆறு ஷில்லிங் போதும் என்று கேட்டார்கள். ரக்பி சங்கத்தை நடத்தியவர்களோ காசு வாங்கி ஆடுவது இழுக்கு என்று நினைத்தார்கள். 1893-இல் வாக்கெடுப்பு நடந்தது: ஈட்டுக்கு ஆதரவாக 136, எதிராக 282. இரண்டு ஆண்டு கழித்து, 1895 ஆகஸ்ட் 29 அன்று, ஹடர்ஸ்ஃபீல்ட் நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்திக் கிளப்கள் கூடித் தனியாகப் பிரிந்துபோயின. அதிலிருந்து வளர்ந்ததுதான் ரக்பி லீக். 1906-இல் ஆட்களைப் பதின்மூன்றாகக் குறைத்தார்கள், ஆட்டம் வேகம் பிடித்தது. கூலிக்காரனின் ஒரு நாள் சம்பளத்துக்காகவே பிறந்த ஆட்டம் இது.

கெடாவில் இருப்பவனுக்கு இது அந்நியக் கதை இல்லை. மழை பெய்து மரம் நனைந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை என்று வாழ்ந்த குடும்பங்கள் எங்களுடையவை. தோட்டத் தொழிலாளர் சங்கம் மாதச் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்ததே 1990-இல்தான். வானம் பார்த்த பிழைப்பு.

லீக் ஆட்டத்தில் விங்கர் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் பெயர் பில்லி பாஸ்டன். 1934-இல் வேல்ஸில், கார்டிஃப் துறைமுகத்தை ஒட்டிய டைகர் பே குடியிருப்பில் பிறந்தவர். அப்பா சியரா லியோனிலிருந்து வந்த கப்பல் தொழிலாளி. பிள்ளைகள் நிறைந்த வீடு. பழைய சங்கத்தின் வழியில் பதினைந்து பேர் ஆடும் யூனியன் ரக்பியில், கார்டிஃப் கிளப்புக்கு ஆடவேண்டும் என்பது அவர் ஆசை, அழைப்பு வரவில்லை. 1953-இல் விகன் லீக் கிளப்பின் ஆட்கள் வீட்டுக்கே வந்து மேசையில் பணத்தை வைத்தார்கள். இரண்டு மடங்கு கேட்டால் எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்து அம்மா அப்படிக் கேட்டாராம். அவர்கள் கொடுத்துவிட்டார்கள்: 3,000 பவுண்டு. இந்த இடம் வரும்போதெல்லாம் என் அம்மாவை நினைத்துக்கொள்வேன். ஆனால் அந்தப் பணத்தை வாங்கியவனுக்கு யூனியன் ரக்பியின் கதவு அன்றைய விதிப்படி ஆயுளுக்கும் மூடிவிடும்.

அடுத்த ஆண்டே, பத்தொன்பது வயதில், பிரிட்டன் அணியோடு ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போய் அந்த ஒரு பயணத்தில் 36 ட்ரை போட்டார். விகனுக்கு 488 ஆட்டங்களில் 478 ட்ரை. வேகம் மட்டுமில்லை, கனத்த உடம்பும் உண்டு; சுற்றிக்கொண்டு போக இடமில்லாதபோது நேராகவே மோதிப் போவார். 1957 உலகக் கோப்பை முடிந்து அணி தென்னாப்பிரிக்கா வழியாகத் திரும்பியது. நிறவெறி ஆட்சி நடந்த நாடு அது. கறுப்பரான பாஸ்டன் தனியாக வேறு விமானத்தில் வீடு திரும்பினார். அதை வாசித்த நாள் எனக்குத் தூக்கமில்லை. ஆட்டத்தை விட்ட பிறகு விகனிலேயே கிரிஃபின் என்ற மதுக்கடை விடுதியை நடத்திப் பிழைத்தார். 2025-இல், தொண்ணூறு வயதில், 'சர்' பட்டம் கொடுத்தார்கள். 130 ஆண்டு வரலாற்றில் லீக் ஆட்டக்காரர் ஒருவருக்குக் கிடைத்த முதல் சர் பட்டம் அது. இவ்வளவு தாமதமாகக் கொடுத்தது நியாயமே இல்லை.

எல்லா விங்கருக்கும் பாஸ்டன் உடம்பு வேண்டியதில்லை. லீக்கில் அதிக ட்ரை போட்டவர் வாரிங்டன் அணியின் பிரையன் பெவன், மொத்தம் 796. சிட்னிக்காரர், வழுக்கைத் தலை, எலும்பும் தோலுமான ஆள். தமிழர்களில் இலங்கையின் சும்மா நவரத்தினத்தைச் சொல்லவேண்டும். ஓட்டக்காரர், யூனியன் ரக்பியில் விங்கர். 1950-இல் பிரிட்டிஷ் லயன்ஸ் அணி கொழும்பில் ஆடியபோது எதிர்த்து நின்ற இலங்கை அணியில் அவரும் இருந்தார்.

இன்றைய லீக்கில் விங்கர் பந்துக்காகக் காத்து நிற்பதில்லை. பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள், அதாவது ஆறு மடக்கல்தான். ஆறாவதில் மடக்கினால் பந்து எதிரணிக்கு. அதனால் ஐந்தாவது முடிந்ததும் பெரும்பாலும் உயரத்தில் உதைத்துவிடுவார்கள். பின்னால் ஓடிப்போய் அதைப் பிடிப்பது விங்கரின் வேலை. பிடித்த கையோடு, ஓடிவரும் கூட்டத்துக்குள் அவனே பந்தைக் கொண்டுபோய் மோதவேண்டும். தோள், முட்டி, தலை எல்லாவற்றிலும் அடி விழும். தொடைத் தசை ஒருமுறை கிழிந்தால் பழைய வேகம் திரும்புவது கடினம். முப்பது தாண்டினால் இளையவன் ஒருவன் வாசலில் நிற்பான்.

நம் நாட்டில் லீக் வேரூன்றவில்லை. 1921-இல் இங்கே வந்துபோன எச்.எம்.எஸ். மலாயா போர்க்கப்பலின் பெயரில் தொடங்கிய கோப்பையும், கோப்ரா கிளப் தொடங்கிய பத்துப் பேர் ஆட்டமும் யூனியன் வழி வந்தவை. இருக்கட்டும். விதிகளை எடுத்துவராவிட்டாலும் அந்த ஆறு ஷில்லிங்கை எடுத்துவரலாம். கோலா கெட்டிலிலிருந்தோ கூலிமிலிருந்தோ ஒரு பையனைப் பயிற்சிக்குக் கூப்பிடுகிறவர்கள், பேருந்துக் கட்டணத்தையும் மதியச் சாப்பாட்டையும் முதலிலேயே அவன் கையில் கொடுக்கட்டும். பகுதிநேர வேலையை விட்டு வருகிறான் என்றால் அந்த நாள் சம்பளத்தையும் சேர்த்துக் கொடுக்கட்டும். பூட்ஸ் அளவு கேட்பது அதற்குப் பிறகு.