பல்லும் சான்று பகரும்

"தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்பது நம் நாட்டுப் பழமொழி. விலைக்கு வாங்கும் மாட்டைப் பல் பார்த்தே வாங்க வேண்டும் என்பது அதனுள் அடங்கிய பொருள். ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பானி ஆடு வாங்கச் செல்லும் நம் பெரியவர்களும் கிடாவின் வாயைத் திறந்து, இரண்டு பல் போட்டிருக்கிறதா என்று பார்த்த பின்னரே விலை பேசுகின்றனர். ஓராண்டைக் கடந்த ஆட்டுக்குக் கீழ்த்தாடையின் முன்வரிசையில் பாற்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும் என்பது அவர்கள் வழிவழியாய்க் கண்டறிந்த உண்மை. பல்லைக் கொண்டு ஓர் உயிரின் வயதைச் சொல்லும் இவ்வறிவே விரிவடைந்து, மண்ணில் புதைந்த பல்லைக் கொண்டு மறைந்துபோன ஒரு காலத்தைச் சொல்லும் அறிவியலாய் வளர்ந்துள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன், திருத்தணியிலிருந்து வந்து பயின்ற மாணவர் ஒருவர், நந்தியாற்றங்கரையில் கண்டெடுத்ததாகக் கருமை படர்ந்த பல் ஒன்றைத் தாளில் மடித்துக் கொண்டுவந்தார். யானைப் பல்லா, அசுரன் பல்லா என்று வகுப்பே வியந்து நின்றது. நாமோ தமிழ் பயிற்றுபவர். பல்லைப் பற்றி யாதும் அறியோம். ஒட்டியிருந்த மண்ணைக் கண்டு, "நன்றாகக் கழுவிக் கொண்டு வா" என்று மட்டும் சொன்னோம். அச்சொல் எத்துணைப் பெரிய பிழை என்பதைப் பின்னரே உணர்ந்தோம். அவ்வுணர்வே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஆற்றங்கரையின் பழமை

திருத்தணி என்றதும் குன்றும் கோயிலும் நினைவுக்கு வரும். 1960ஆம் ஆண்டு இவ்வூர் ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டோடு இணைந்த எல்லைப் போராட்டமும் நினைவுக்கு வரும். ஆயின் இந்நிலத்தின் வரலாறு எல்லைக் கோடுகளுக்கெல்லாம் முந்தியது. திருத்தணியை ஒட்டி ஓடும் நந்தியாறு கொசத்தலையாற்றில் கலக்கிறது. அக்கொசத்தலையாற்றுப் படுகையில், பூண்டி நீர்த்தேக்கத்திற்கு அருகே அமைந்துள்ள சிற்றூர் அத்திரம்பாக்கம். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் கற்கால மனிதனின் கருவியைக் கண்டெடுத்த நிலவியலார் இராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்பாருடன் அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தார்.

அங்கு 1999 முதல் சாந்தி பப்புவும் குமார் அகிலேசும் அவர்தம் குழுவினரும் அகழாய்வு நடத்தினர். கற்கோடரிகள் ஏராளமாய்க் கிடைத்த அவ்விடத்தில் விலங்குகளின் புதைபடிவப் பற்கள் மூன்றே மூன்று கிடைத்தன. ஒன்று குதிரை இனத்தது. ஒன்று எருமை இனத்தது. மற்றொன்று வட இந்திய வயல்வெளிகளில் இன்றும் காணப்படும் நீல்காய் எனும் மான் போன்ற விலங்கினது. தமிழகத்துக் கற்கால இடங்களில் எலும்பு எஞ்சுவது அரிது. ஆதலின் அம்மூன்று பற்களும் பெருஞ்செல்வமாயின. குதிரையும் நீல்காயும் வெளி நிலத்தில் மேய்வன. எருமை நீரை நாடுவது. எனவே அன்று அப்பகுதி புல்வெளியும் நீர்வளமும் உடையதாய் இருந்தது என்று ஆய்வாளர் துணிந்தனர்.

பல் எஞ்சுவது ஏன்?

உடல் மடிந்தால் தசை அழியும். எலும்பும் நாளடைவில் உளுத்துப்போகும். பல்லின் மேலுறையாகிய எனாமலோ எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமப் பொருளால் ஆனது; உடலிலேயே மிகக் கடினமானது. எனவே எலும்புக்கூடு முழுவதும் மறைந்த இடத்திலும் பல் மட்டும் தனித்து நிற்கும்.

அன்றியும், உண்ணும் உணவுக்கேற்பவே பல்லின் வடிவு அமைகிறது. குதிரையின் கடைவாய்ப்பல் உயர்ந்த நாற்கோணத் தூண் போன்றது. அதன் தேய்ந்த முகத்தில் எனாமல் மடிப்பு மடிப்பாய் நெளிந்து ஓடும். மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் கடைவாய்ப்பல்லில் பிறை வடிவங்கள் இணையிணையாய்த் தோன்றும். மாட்டுக்கும் எருமைக்கும் மேல்தாடைக் கடைவாய்ப்பல்லின் உட்புறத்தில் இரு மடல்களுக்கு இடையே சிறு தூண் ஒன்று இருக்கும். ஆட்டுக்கு அஃது இல்லை. யானையின் பல்லோ குறுக்குத் தகடுகள் பல அடுக்கி ஒட்டியது. கொத்திய அம்மியின் முகத்தை ஒத்தது. புலி முதலியவற்றின் பல் கத்தியலகு போல் வெட்டும். பன்றிக்கும் மனிதனுக்கும் பல்லில் தாழ்ந்த குமிழ்களே உண்டு.

இவ்வொற்றுமை அறிஞரையும் மயக்கியதுண்டு. அமெரிக்காவின் நெப்ராசுகாவில் கிடைத்த தனிப்பல் ஒன்றை 1922இல் மனிதக்குரங்கினுடையது என்று அறிவித்தனர். 1927இல் அது பன்றியைப் போன்ற பெக்காரி எனும் விலங்கின் பல்லே என்று திருத்திக்கொண்டனர். பிழையை ஒப்புக்கொண்டமை அறிவியலுக்குப் பெருமையே. எனினும் தனிப்பல்லை நம்பி விரைந்து தீர்ப்புச் சொல்லலாகாது என்பது அதன் பாடம்.

நிறத்தைக் கண்டு பழமையைத் துணிவதும் பிழையே. சேற்றில் சில ஆண்டு கிடந்த மாட்டுப் பல்லும் கருமையடையும். கல்லாய் மாறிய பல் கனமாய் இருக்கும் என்பது பொதுவிதி. ஆயின் கனம் ஆண்டைச் சொல்லாது.

இடமே உயிர்

அங்ஙனமாயின் ஆண்டைச் சொல்வது யாது? பல் கிடந்த மண்ணடுக்கே பெரிதும் சொல்கிறது. அத்திரம்பாக்கத்தில் கருவிகள் கிடந்த அடுக்கின் காலத்தை அங்கிருந்த கற்களைக் கொண்டே கணித்தனர். நிலத்தின் மேல் கிடக்கும் கல்லில் விண்கதிர்கள் பட்டு அலுமினியம், பெரிலியம் ஆகியவற்றின் கதிரியக்க வகைகள் உண்டாகின்றன. கல் ஆழப் புதைந்த பின் அவை வெவ்வேறு வேகத்தில் தேய்கின்றன. அத்தேய்வை அளந்தும், மண்ணில் பதிந்த பழங்காலக் காந்தத் திசையை ஆராய்ந்தும், அங்குள்ள மிகப் பழைய கருவிகள் குறைந்தது 10 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை, ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமையுடையவை என்று 2011இல் வெளியிட்டனர்.

இடம் அறியாத பல்லின் நிலைக்கு ஒரு சான்று கூறுவோம். 1935இல் கோனிக்சுவால்டு எனும் அறிஞர் ஹாங்காங் மருந்துக் கடையொன்றில், மருந்துக்காக விற்கப்பட்ட பற்களிடையே மிகப்பெரிய கடைவாய்ப்பல் ஒன்றைக் கண்டார். அது மறைந்துபோன பேருருவக் குரங்கினுடையது என்று வடிவைக் கொண்டே உணர்ந்தார். ஆனால் அஃது எம்மலையில், எவ்வடுக்கில் கிடந்தது என்பதைக் கடைக்காரரால் சொல்ல இயலவில்லை. தென்சீனக் குகைகளில் அவ்வினத்தின் எச்சங்கள் மண்ணோடு சேர்ந்தே கிடைத்தது 1950களில்தான்.

ஹதீஸ் கலை பயின்றோர் இதனை எளிதில் உணர்வர். ஒரு செய்தி எத்துணை அழகியதாயினும், அறிவிப்பாளர் தொடர் அறுபட்டிருப்பின் அறிஞர் அதனைச் சான்றாக ஏற்பதில் தயங்குவர். பல்லின் வடிவு செய்தி. அது கிடந்த இடமும் அடுக்கும் அதன் அறிவிப்பாளர் தொடர். ஃபூட் தாம் திரட்டியவற்றுக்கெல்லாம் கிடைத்த இடத்தைக் குறித்து வைத்தார். ஆதலின்தான் 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கிய அவருடைய தொகுப்பு இன்றும் ஆய்வுக்குப் பயன்படுகிறது.

நம் மாணவர் கொணர்ந்த பல்லுக்கு வருவோம். மாட்டு வணிகத்தில் முதிர்ந்த பெரியவர் ஒருவரிடம் காட்டினோம். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவர், "எருமைப் பல்லுங்க, மேல்தாடை" என்றார். பின்னர் நூல்களோடு ஒப்பிட்டோம். அவர் சொல் பொருந்தியது. ஆனால் நேற்றைய எருமையா, லட்சம் ஆண்டுக்கு முந்திய எருமையா? ஒட்டியிருந்த மண் குழாய்நீரில் போயிற்று. மாணவர் மீண்டும் கரைக்குச் சென்றபோது மழைவெள்ளம் இடத்தை மாற்றியிருந்தது. தொடர் அறுந்தது, அறுத்தவர் நாமே.

ஆகவே மாணவச் செல்வங்களே, ஆற்றங்கரையில் இத்தகைய பொருளைக் காண நேரின், கரையைத் தோண்டாதீர்கள். கிடந்த நிலையிலேயே, அருகில் அளவுகோல் ஒன்றை வைத்துப் படம் எடுங்கள். இடத்தையும் நாளையும் மண்ணின் நிறத்தையும் எழுதுங்கள். தொல்லியல் துறையினருக்கோ நிலவியல் பயிற்றும் ஆசிரியருக்கோ தெரிவியுங்கள். வெள்ளம் அடித்துச்செல்லும் நிலையில் எடுத்தே ஆகவேண்டுமெனில், ஒட்டிய மண்ணோடு எடுத்து, குறிப்பையும் உடன் வையுங்கள்; கழுவாதீர்கள். ஓய்வுநாளில் ஒருமுறை பூண்டியிலுள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகத்தையும் கண்டு வாருங்கள்.

அந்தப் பல் இன்றும் நம் துறையின் அலமாரியில் உள்ளது. அதனோடு வைத்த சீட்டில் 'எருமை, மேல்தாடைக் கடைவாய்ப்பல்' என்று எழுதியுள்ளோம். 'கிடைத்த இடம்' என்பதற்கு எதிரே வெற்றிடம். மண் நம்மிடம் ஒப்படைப்பது அமானிதம். அடுத்த சீட்டில் அவ்வெற்றிடம் நிரம்பியிருக்கட்டும்.