மின்சார வண்டிக்கு வீட்டில் சார்ஜ்: பிளக் பாயிண்டில் சிக்கனம் வேண்டாம்

கிராமங்களிலும் இப்போது மின்சார ஸ்கூட்டர்கள் ஓடத் தொடங்கிவிட்டன. பால் கேனை சொசைட்டிக்குக் கொண்டுபோகவும், காய்கறியை உழவர் சந்தையில் சேர்க்கவும், உரக்கடைக்குப் போய்வரவும் இவை பயன்படுகின்றன. சிலர் மின்சாரக் காரும் வாங்கியுள்ளனர். வண்டி வாங்கும்போது பாட்டரி எத்தனை வருடம் உழைக்கும், ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்றெல்லாம் விசாரிக்கிறோம். ஆனால் சுவரில் உள்ள பிளக் பாயிண்ட் அந்தச் சுமையைத் தாங்குமா என்று பார்ப்பவர்கள் குறைவு.

வண்டி பெரும்பாலும் இரவில்தான், வீட்டார் தூங்கும்போதுதான் சார்ஜ் ஆகிறது. ஓலைக் கூரையும் வைக்கோல் போரும் மாட்டுக் கொட்டகையும் அருகருகே உள்ள வீடுகளில் ஒரு பிளக் பாயிண்ட் கருகினால் அது பெரும் நஷ்டத்தில் போய் முடியும். ஆகவே வண்டி வீட்டுக்கு வரும் முன்பே பாயிண்டைச் சரிசெய்துகொள்வது நலம்.

இஸ்திரிப் பெட்டிக்கும் வண்டிக்கும் உள்ள வேறுபாடு

‘இதே பாயிண்டில்தான் பல வருடமாக இஸ்திரிப் பெட்டி போடுகிறோம், ஒன்றும் ஆகவில்லையே’ என்று சிலர் கேட்கலாம். இஸ்திரிப் பெட்டி சிறிது நேரமே ஓடும். அதிலும் சூடு ஏறியதும் தானே நின்று, ஆறியபின் மீண்டும் மின்சாரம் எடுக்கும். வண்டி சார்ஜர் அப்படியல்ல. மணிக்கணக்கில் இடைவிடாமல் மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும்.

800 வாட் ஸ்கூட்டர் சார்ஜர் சுமார் 3.5 ஆம்பியர் எடுக்கும். 3 யூனிட் கொள்ளளவுள்ள பாட்டரி நிறைய நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காருடன் வரும் 3.3 கிலோவாட் சார்ஜரோ 14 ஆம்பியருக்கு மேல் எடுக்கும். 24 யூனிட் பாட்டரி நிறைய ஏழு, எட்டு மணி நேரம் பிடிக்கும். இத்தனை நேரமும் பாயிண்ட் ஆற வழியில்லை.

சூடு எங்கே பிறக்கிறது?

பம்புசெட் ஸ்டார்ட்டரில் ஒயரை முடுக்கிய திருகு தளர்ந்தால் அந்த இடம் மட்டும் கருகிப்போவதை நாம் பார்த்திருக்கிறோம். தண்ணீர்க் குழாயில் இணைப்புகளில்தான் கசிவு தொடங்கும். மின்சாரத்திலும் இணைப்புகளில்தான் கோளாறு தொடங்கும். சாக்கெட்டின் பித்தளைப் பிடி தளர்ந்தாலோ, களிம்பு ஏறினாலோ அங்கே மின்தடை கூடுகிறது. தடை கூடினால் சூடு பிறக்கிறது.

மின்சாரம் இருமடங்கானால் இந்தச் சூடு நான்கு மடங்காகும். ஓர் இணைப்பில் 0.1 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஸ்கூட்டர் எடுக்கும் 3.5 ஆம்பியரில் அங்கே பிறக்கும் சூடு 1.2 வாட்தான். கார் எடுக்கும் 14 ஆம்பியரில் அது சுமார் 20 வாட் ஆகிவிடும். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் பற்றவைக்கும் சிறிய கோலின் சூடும் ஏறத்தாழ இவ்வளவுதான். அப்படி ஒரு கோலை சுவரில் செருகி இரவு முழுவதும் விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இணைப்பு தளர்ந்து கருகும்போது எம்.சி.பி. விழாது என்பதையும் மறக்கக் கூடாது. அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால்தான் எம்.சி.பி. விழும். தளர்ந்த இணைப்பில் மின்சாரம் கூடுவதில்லை, சூடு மட்டுமே கூடுகிறது.

சாக்கெட் வாங்கும்போது

பேச்சு வழக்கில் 5 ஆம்பியர், 15 ஆம்பியர் என்று சொல்லும் பாயிண்டுகளின் இன்றைய அளவு 6, 16 ஆம்பியர் ஆகும். காருக்கு 16 ஆம்பியர் சாக்கெட் கட்டாயம் தேவை. ஸ்கூட்டர் சார்ஜரின் பிளக் சிறிதாக இருந்தால் நல்ல 6 ஆம்பியர் சாக்கெட் போதும். பெரிதாக இருந்தால் 16 ஆம்பியர் சாக்கெட்தான் போட வேண்டும். இடையில் அடாப்டர் செருகி சமாளிக்கக் கூடாது.

சாக்கெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், ஐ.எஸ். 1293 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சுவிட்சுக்கு இந்த எண் ஐ.எஸ். 3854 ஆகும். கடையிலேயே ஒரு பிளக்கைச் செருகி இழுத்துப் பாருங்கள். சற்று பலம் கொடுத்தால்தான் வர வேண்டும். தொளதொளவென்று வந்தால் அதை வாங்க வேண்டாம். துவாரங்களில் உள்மூடி உள்ளதாக இருந்தால் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு. பூச்சியும் எளிதில் நுழையாது. மலிவான சாக்கெட்டுக்கும் தரமானதற்கும் உள்ள விலை வித்தியாசம் வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை.

தொழிற்சாலைகளில் உள்ள நீல நிற, மூடியுடன் கூடிய 16 ஆம்பியர் உருண்டை சாக்கெட் நன்கு உழைக்கும். ஆனால் அதற்கேற்ற பிளக் உள்ள சார்ஜராக இருந்தால்தான் பயன்படும். சார்ஜருடன் வந்த பிளக்கை வெட்டி வேறு மாட்டுவது கூடாது. எக்ஸ்டென்ஷன் பெட்டி, மல்டிபிளக் ஆகியவற்றை வண்டிக்கு அறவே பயன்படுத்தாதீர்கள்.

ஒயரும் எம்.சி.பி.யும்

மீட்டர் பெட்டியிலிருந்து இந்தப் பாயிண்டுக்குத் தனி ஒயர் இழுக்க வேண்டும். மிக்ஸி, பிரிட்ஜ் ஓடும் ஒயரிலிருந்து கிளை எடுக்கக் கூடாது. ஸ்கூட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் தாராளம். காருக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் நல்லது.

பாயிண்ட் 30 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 14 ஆம்பியர் போனால் வழியிலேயே சுமார் 15 வோல்ட் குறையும். 200 வாட்டுக்கு மேல் ஒயரைச் சூடாக்குவதிலேயே வீணாகும். 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் குறைவது சுமார் 4 வோல்ட்தான்.

16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி.யே போட வேண்டும். அடிக்கடி விழுகிறது என்று 32 ஆம்பியர் மாற்றுவது ஆபத்து. அத்துடன் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் வேண்டும். மின்சாரம் உடல் வழியாகவோ ஈரத்தின் வழியாகவோ கசிந்தால் இது நொடியில் துண்டித்து உயிரைக் காக்கும். இதில் ‘ஏ’ வகை என்று கேட்டு வாங்குவது வண்டிக்குப் பொருத்தம். மாதம் ஒரு முறை அதன் சோதனைப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். உடனே விழ வேண்டும்.

எர்த் இல்லாமல் சார்ஜ் கூடாது

பழைய வீடுகளில் மூன்றாவது துவாரம் இருக்கும், அதில் எர்த் ஒயர் இருக்காது. அங்கே பல சார்ஜர்கள் சிவப்பு விளக்கு காட்டி வேலை செய்ய மறுக்கும். உடனே சிலர் நியூட்ரலையும் எர்த்தையும் சிறு ஒயரால் இணைத்துவிடுகிறார்கள். சார்ஜர் ஏமாந்து வேலை செய்யும். ஆனால் வெளியே நியூட்ரல் அறுந்துவிட்டால் வண்டியின் உடல் முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். தொட்டவர் பிழைப்பது அரிது.

சரியான வழி எர்த் குழி அமைப்பதே. சுமார் இரண்டரை மீட்டர் நீள ஜி.ஐ. குழாயைப் புதைத்து, சுற்றிலும் கரியும் உப்பும் இட்டு, அங்கிருந்து பாயிண்டுக்கு எர்த் ஒயர் கொண்டுவர வேண்டும். கோடையில் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவது அவசியம். இந்த வேலைகளை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டே செய்துகொள்ளுங்கள். காருக்கென்றால் வீட்டு இணைப்பின் மின்பளு போதுமா என்று மின் அலுவலகத்தில் கேட்டு, தேவையானால் கூட்டிக்கொள்ளுங்கள்.

பம்புசெட்டுக்கு அளிக்கப்படும் இலவச மின்சாரத்திலிருந்து வண்டிக்கு எடுப்பது விதிமீறல். மேலும் மும்முனை இணைப்பில் தவறுதலாக இரு பேஸ்களுக்கிடையே மாட்டினால் 400 வோல்ட்டுக்கு மேல் பாய்ந்து சார்ஜர் பாழாகும்.

எங்கே பொருத்துவது?

மழைச்சாரல் படாத இடத்தில், தரையிலிருந்து சுமார் நான்கு அடி உயரத்தில் பொருத்தலாம். திண்ணையிலோ வெளிச்சுவரிலோ என்றால் மூடியுள்ள, தண்ணீர் புகாத பெட்டி வேண்டும். மாட்டுக் கொட்டகைக்குள் வைக்கவே கூடாது. மாட்டுச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா பித்தளையை அரித்துவிடும். ஈரத் தரையில் சிறிய கசிவும் மாட்டைக் கொன்றுவிடும். வைக்கோல், விறகு, டீசல் கேன் ஆகியவை அருகில் இருக்கக் கூடாது.

பாயிண்ட் பொருத்திய பின்

முதல் நாள் பகலில் சார்ஜ் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து சுவிட்சை அணைத்து, பிளக்கின் மேல் கை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு, கருகல் வாடை, பழுப்பு நிறம், சடசடப்பு இவற்றில் எது இருந்தாலும் அந்தப் பாயிண்டை மாற்றும்வரை சார்ஜ் போட வேண்டாம். சாக்கெட் கருகியிருந்தால் பிளக்கையும் சோதிக்க வேண்டும். கருகிய பிளக்கைச் செருகினால் புது சாக்கெட்டும் கெடும்.

வாரம் ஒரு முறை துவாரத்தில் குளவிக்கூடு, எறும்பு இருக்கிறதா என்று பாருங்கள். வருடம் ஒரு முறை மெயினை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனைக் கொண்டு திருகுகளை முடுக்கிவையுங்கள். பிளக்கைப் பிடுங்கும் முன் சுவிட்சை அணையுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பாயிண்டில் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் முதலில் மெயினை அணைக்க வேண்டும்.

பம்புசெட்டுக்கு நல்ல ஸ்டார்ட்டர் எவ்வளவு அவசியமோ, மின்சார வண்டிக்கு நல்ல பிளக் பாயிண்டும் அவ்வளவு அவசியம். ஒரு முறை சரியாகச் செய்துவிட்டால் பல வருடம் கவலையின்றி உறங்கலாம்.