வர வேண்டிய கடிதம் வாசலில் நிற்கலாமா?

சென்ற வருஷம் என் மாமியாருக்கு மார்பில் சிறு கட்டி தட்டுப்பட்டது. மேமோகிராம் எடுத்தோம். "ரிப்போர்ட்டை ஈமெயிலில் அனுப்பிவிடுவோம்" என்றார்கள். என் ஜிமெயில் முகவரியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நாட்கள் ஓடின. புடவைத் தள்ளுபடி, கடன் வேண்டுமா, பரிசு விழுந்திருக்கிறது என்று தினமும் மெயில்கள் குவிந்தனவே தவிர, ரிப்போர்ட்டைக் காணோம். "ஏதாவது இருந்தா போன் பண்ணியிருக்க மாட்டாங்களா? விடும்மா" என்றார் மாமியார். நானும் அசட்டையாக இருந்துவிட்டேன்.

பதினெட்டாம் நாள் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள் வந்தாள். "சித்தி, ஸ்பேம்லே பார்த்தீங்களா?" என்றாள். குப்பை என்று ஜிமெயில் தானாகவே ஒதுக்கித் தள்ளும் இடம் அது. அங்கே கிடந்தது ரிப்போர்ட், 'பயாப்ஸி தேவை' என்ற வரியோடு! எனக்குக் கை கால் ஓடவில்லை. ஸ்பேமில் விழுந்ததை 30 நாளில் ஜிமெயில் அழித்துவிடுமாம். தெய்வாதீனமாக, அது சாதாரணக் கட்டிதான் என்று பிறகு தெரிந்தது.

வேண்டாத மெயில் இன்று வந்த தொல்லை அல்ல. 1978-லேயே அமெரிக்காவில் ஒரு விற்பனையாளர் சுமார் 400 பேருக்குக் கம்ப்யூட்டர் விளம்பரம் அனுப்பித் திட்டு வாங்கினார்!

இதற்குப் பரிகாரம், வேண்டியவர்களின் பட்டியல் ஒன்று போட்டுவிடுவதுதான். 'ஒயிட்லிஸ்ட்' என்கிறார்கள். வாட்ச்மேனிடம், "இவங்க வந்தா உள்ளே விடுப்பா" என்று பெயர் எழுதிக் கொடுப்பதில்லையா, அது போலத்தான்.

கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, பல்சக்கரப் படத்தை அழுத்தி, 'சீ ஆல் செட்டிங்ஸ்' போங்கள். 'ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்டு அட்ரசஸ்' என்ற பகுதியில் 'கிரியேட் எ நியூ ஃபில்டர்' இருக்கும். 'ஃப்ரம்' கட்டத்தில் அனுப்புபவரின் முழு முகவரியை எழுதி, 'கிரியேட் ஃபில்டர்' அழுத்தி, 'நெவர் செண்ட் இட் டு ஸ்பேம்' என்பதில் டிக் செய்யுங்கள். கூடவே 'அப்ளை த லேபிள்' என்பதில் 'வீடு' என்று ஒரு பெயரும் கொடுத்து முடியுங்கள். பள்ளிக்கூடம், டாக்டர், பாங்க், பரிசோதனை நிலையம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். நான் காலையில் 'வீடு' லேபிளை மட்டும் பார்ப்பேன். விளம்பரமெல்லாம் வெளியே கிடக்கும்.

சில எச்சரிக்கைகள்:

• வெறும் ஜிமெயில் டாட் காம் என்று எழுதிவிடாதீர்கள். மோசடிக்காரனுக்கும் அங்கே முகவரி உண்டு.

• உங்கள் சொந்த முகவரியைச் சேர்க்க வேண்டாம். உங்கள் பெயரிலேயே உங்களுக்குப் போலி மெயில் வரும்.

• பட்டியலில் உள்ளவர் பெயரில் வந்தாலும், பணமோ பாஸ்வேர்டோ கேட்டால் போனில் விசாரியுங்கள்.

• புதியவர்கள் எழுதக்கூடும். ஆகவே வாரம் ஒரு முறை ஸ்பேமை எட்டிப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சொன்ன நாளில் ரிப்போர்ட் வராவிட்டால் என்னைப் போல் சும்மா இருந்துவிடாதீர்கள். உடனே போன் செய்து கேளுங்கள்!