கூட்டு வீட்டில் லேப்டாப்: கம்பி கழற்றிய நகலே காவல்

பெங்களூருவில் எலக்ட்ரானிக் சிட்டி, மடிவாளா, மாரத்தஹள்ளி பக்கம் வேலைக்கும் படிப்புக்கும் வந்து தங்கியிருக்கும் தமிழ் இளைஞர்கள் பலர், நான்கைந்து பேராகச் சேர்ந்துதான் வீடு எடுக்கிறார்கள். வாடகையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். கேஸ் சிலிண்டரைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இன்டர்நெட் இணைப்பும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஹாலின் மூலையில் ஒரு ரூட்டர் பெட்டி. வீட்டிலுள்ள அத்தனை லேப்டாப்களும் செல்போன்களும் அதன் வைபையில்தான் ஓடுகின்றன.

செலவு மிச்சம், நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு லேப்டாப்புக்குள்ளும் இருப்பது பங்கு போட முடியாத சொத்து. மூன்று வருடம் உழைத்த ஆராய்ச்சிக் கட்டுரை, சான்றிதழ்களின் படங்கள், தங்கையின் கல்யாண போட்டோக்கள், மறைந்த தந்தையின் குரல் பதிவு. இவையெல்லாம் ஒரே இடத்தில் மட்டும் இருந்தால், அந்த இடம் போகும் அன்று அத்தனையும் போய்விடும்.

போவதற்குப் பெரிய காரணம் வேண்டியதில்லை. டீ டம்ளர் ஒன்று கவிழ்ந்தால் போதும். ஊருக்குப் போகும் இரவு பஸ்ஸில் பை காணாமல் போகலாம். எதுவும் நடக்காமலே ஒரு நாள் காலையில் டிஸ்க் உயிரை விடலாம். பழைய, சுழலும் டிஸ்கில் தவறுதலாக அழித்த பைல்களைப் பல சமயம் கடைக்காரர் மீட்டுத் தந்துவிடுவார். இன்றைய லேப்டாப்களில் பெரும்பாலும் இருப்பது எஸ்.எஸ்.டி. என்ற சுழலாத டிஸ்க். வேகம் குறையாமல் இருக்க, அழிக்கப்பட்ட இடத்தை அது தானாகவே துடைத்துவிடும். ஆகவே அதில் அழிந்தது திரும்பக் கிடைப்பது அரிது.

மூன்று, இரண்டு, ஒன்று

இதற்கு எளிய விதி ஒன்று உண்டு. பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பிரபலமாக்கியது. முக்கியமான பைல் எதுவானாலும் மூன்று பிரதி வேண்டும். அவை இரண்டு வகையான சாதனங்களில் இருக்க வேண்டும். அதில் ஒன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும். லேப்டாப்பில் இருப்பதே முதல் பிரதி. தேடிக்கொள்ள வேண்டியது மற்ற இரண்டையும்தான்.

பொது டிஸ்க் வேண்டாம்

இங்கேதான் கூட்டு வீடுகளில் ஒரு தவறு நடந்துவிடுகிறது. எல்லோரும் சேர்ந்து ஒரு பெரிய டிஸ்க் வாங்கி, ரூட்டரின் யு.எஸ்.பி. துளையில் செருகிவிடுகிறார்கள். படுத்த இடத்திலிருந்தே நகல் எடுக்கலாம் என்பது வசதி. ஆனால் எல்லோரும் எழுதக்கூடிய டிஸ்கில் எல்லோரும் அழிக்கவும் முடியும். இடம் போதவில்லை என்று ஒருவர் கண்ணில் பட்ட போல்டரை நீக்கினால், அது யாருடைய ஆறு மாத உழைப்பு என்பது அவருக்குத் தெரியாது.

இதைவிடப் பெரிய ஆபத்து, பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்கள். 2017 மே 12-ம் தேதி பரவத் தொடங்கிய ‘வான்னாகிரை’ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களைத் தாக்கியது. பிரிட்டனில் அரசு ஆஸ்பத்திரிகள் திணறின. ஆந்திராவில் போலீஸ் கம்ப்யூட்டர்கள் சிலவும் சிக்கின. யாரும் எதையும் தொடாமலே, விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டை வழியாக, ஒரே இணைப்பில் இருக்கும் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு அது தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாத கம்ப்யூட்டர்கள்தான் அகப்பட்டன.

ஆக, ஒரே வைபையில் இருப்பவர்களில் ஒருவர் அலட்சியமாக இருந்தால் மற்றவர்களுக்கும் ஆபத்து. இவ்வகை வைரஸ்கள் இணைப்பில் திறந்து கிடக்கும் டிஸ்கையும் விட்டுவைப்பதில்லை. அசலோடு நகலும் போகும்.

இழுப்பறைக்குள் ஒரு டிஸ்க்

இதற்கு வழி, ஆளுக்கு ஒரு தனி டிஸ்க். எஸ்.பி. ரோடு கடைகளில் சில ஆயிரம் ரூபாய்க்கு வெளி ஹார்ட் டிஸ்க் கிடைக்கும். லேப்டாப்பில் உள்ள இடத்தைவிட அது பெரியதாக இருப்பது நல்லது. வாரம் ஒரு முறை செருகி, நகல் எடுத்து, உடனே கம்பியைக் கழற்றி இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். கழற்றி வைத்த டிஸ்கை வைபை வழியாக யாரும் தொட முடியாது. வைரஸும் தொட முடியாது.

நகல் எடுக்கத் தனியாக எதையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. விண்டோஸில் ‘பைல் ஹிஸ்டரி’, ஆப்பிளில் ‘டைம் மெஷின்’ என்ற வசதிகள் கூடவே வருகின்றன. மாறிய பைல்களை மட்டும் சேர்த்துக்கொள்வதால், முதல் முறைக்குப் பிறகு அதிக நேரம் பிடிக்காது.

பலர் வந்து போகும் வீட்டில் டிஸ்குக்கு ரகசியப் பூட்டும் அவசியம். டைம் மெஷினிலேயே அந்த வசதி உண்டு. விண்டோஸின் ‘புரோ’ பதிப்பில் ‘பிட்லாக்கர்’ இருக்கிறது. மற்ற விண்டோஸ்காரர்கள் ‘வேராகிரிப்ட்’ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். கடவுச் சொல்லை ஒரு தாளில் எழுதி, டிஸ்கோடு சேர்க்காமல் வேறு இடத்தில் வைப்பது முக்கியம். அது தொலைந்தால் டிஸ்க் இருந்தும் இல்லாத கணக்குத்தான்.

இன்னொரு சிறு வேலையும் உண்டு. விண்டோஸில் வைபை அமைப்பை ‘பப்ளிக்’ என்று மாற்றிவிட்டால், அதே இணைப்பில் உள்ள மற்றவர்களின் கம்ப்யூட்டர்களுக்கு அந்த லேப்டாப் தென்படாது.

இரவில் அனுப்பலாம்

மூன்றாவது பிரதியை இன்டர்நெட் வழியாகச் சேமிப்பவர்கள் உண்டு. கூகுள் 15 ஜி.பி. வரையிலும், மைக்ரோசாப்ட் 5 ஜி.பி. வரையிலும் இலவசமாக இடம் தருகின்றன. அதற்கு மேல் கட்டணம்.

இங்கே வீட்டாரின் நினைப்பும் வேண்டும். நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் 100 ஜி.பி.யை மேலே அனுப்ப ஏறத்தாழ 22 மணி நேரம் ஆகும். பகலில் ஒருவர் இதைத் தொடங்கினால், பக்கத்து அறையில் வீடியோவில் நேர்முகத் தேர்வுக்கு அமர்ந்திருப்பவரின் முகம் பாதியில் உறைந்து நிற்கும். படுக்கப் போகும்போது தொடங்குவதும், அனுப்பும் வேகத்துக்கு வரம்பு கட்டுவதும் சச்சரவைத் தவிர்க்கும்.

ஒன்றை மறக்கக் கூடாது. லேப்டாப்பையும் இன்டர்நெட்டையும் எப்போதும் ஒரே மாதிரி வைத்திருக்கும் ‘சிங்க்’ ஏற்பாடு முழுமையான நகல் ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைக் கூடையில் 30 நாள் கிடக்கும். அதற்குள் கவனிக்காவிட்டால் போனது போனதுதான்.

ஊருக்கு ஒரு டிஸ்க்

2022 செப்டம்பரில் பெய்த மழையில் பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலைப் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 2015 டிசம்பரில் சென்னை பட்ட பாடும் தெரிந்ததே. அப்படி ஒரு நாளில் மேஜை மேல் லேப்டாப்பும் கீழே இழுப்பறையில் டிஸ்கும் இருந்தால், இரண்டும் ஒரே தண்ணீரில்தான் நனையும்.

வெளியூரில் வாழும் தமிழருக்கு இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. சேலத்திலோ வேலூரிலோ திருநெல்வேலியிலோ சொந்த வீடு ஒன்று இருக்கும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எப்படியும் பயணம் உண்டு. இரண்டு டிஸ்க் வைத்துக்கொண்டு, ஒன்றை அம்மாவின் பீரோவில் விட்டு, அடுத்த முறை புதிய நகலோடு மாற்றிக்கொண்டு வந்தால் போதும். மாதக் கட்டணமும் இல்லை.

திறந்து பார்ப்பது முக்கியம்

1998-ல் அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ கார்ட்டூன் படம் தயாராகிக்கொண்டிருந்தபோது, தவறான ஒரு கட்டளையால் படத்தின் பைல்கள் மளமளவென்று அழிந்தன. நகல் இருக்கிறதே என்று தேடினால், அது சரியாகப் பதிவாகவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கேலின் சுஸ்மன் என்ற தொழில்நுட்ப மேற்பார்வையாளர், குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்துவந்தார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது. 1999-ல் படம் வெளிவந்தது.

பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்? மாதம் ஒரு முறை டிஸ்கைச் செருகி, நாலைந்து பைல்களைத் திறந்து பார்க்க வேண்டும். திறக்காத நகலை நம்பக் கூடாது.

ரூட்டரும் வாடகையும் பொதுவாக இருக்கட்டும். நகல் மட்டும் அவரவர் பொறுப்பு. வருகிற ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் நேரத்தில் முதல் நகலைத் தொடங்கினால், துணி காய்வதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்.