ஹார்டு டிஸ்க்: நம்பி ஒப்படைக்கலாமா நம் அமானிதத்தை?

கம்பம் பள்ளத்தாக்கில் காமயகவுண்டன்பட்டி போன்ற ஊர்களின் பழைய வீடுகளில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். பாட்டனார் வாங்கிய நிலத்தின் கிரயப் பத்திரம், பட்டா, திராட்சைத் தோட்டத்துக் கணக்கு, நிக்காஹ் பதிவின் நகல், மூதாட்டியர் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபு ஆகிய யாவும் அதனுள் அடங்கும். 1996ஆம் ஆண்டில்தான் தேனி தனி மாவட்டமாயிற்று. ஆதலின் முந்தைய பத்திரங்களில் மதுரை மாவட்டம் என்றே எழுதப்பட்டிருக்கும். தலைமுறைகளின் உரிமையும் நினைவும் அப்பெட்டியில் உறங்குகின்றன.

இன்று அந்தக் காகிதங்கள் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்யப்பட்டுக் கணினிக்குள் செல்கின்றன. வக்ஃப் சொத்து விவரங்களைப் பதிவேற்றுவதற்கென 2025 ஜூன் 6 அன்று ஒன்றிய அரசு ‘உமீத்’ என்னும் இணையத் தளத்தைத் தொடங்கி, ஆறு மாதக் கெடுவும் விதித்தபோது, பழைய ஆவணங்களின் அருமையைப் பள்ளிவாசல் நிர்வாகிகள் நன்கு உணர்ந்தனர். இவ்வாறு திரட்டிய அனைத்தையும் உள்ளங்கை அளவுள்ள ஓர் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டால் கவலை தீர்ந்தது என்று பலரும் எண்ணுகின்றனர். அந்த நிம்மதி சரியானதுதானா என்று சற்றே ஆராய்வோம்.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

உலகின் முதல் ஹார்டு டிஸ்க்கை 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் கொண்ட அந்தப் பேரியந்திரத்தில் அடங்கியவை 50 லட்சம் எழுத்துகளே. இன்றைய சிறு பெட்டியோ ஒரு லட்சம் கோடி எழுத்துகளுக்கு மேல் கொள்கிறது. ஆயினும் அடிப்படை அதுவேதான். காந்தப் பூச்சுடைய தட்டு ஒன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,400 முறை சுழல்கிறது. அதன்மேல் எழுதி வாசிக்கும் சிறு முனை, தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நமது தலைமுடி ஒன்றின் பருமனை ஆயிரக்கணக்கான பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவே அந்த இடைவெளி. இத்துணை நுண்ணிய பொருள் என்பதை மறவாதிருந்தாலே பாதி ஆபத்து நீங்கும்.

காந்தமும் கைப்பேசியும்

“டி.வி.க்குப் பக்கத்தில் வைத்தால் அழிந்துவிடுமா? செல்போன் அலை கெடுத்துவிடுமா?” என்று கேட்பவர் பலர். பழைய ஃபிளாப்பி தட்டுகளைக் காந்தம் அழித்தது உண்மையே. இந்த அச்சம் அங்கிருந்து வந்தது. ஹார்டு டிஸ்க்கின் கதை வேறு. முனையை நகர்த்துவதற்கென அதன் உள்ளேயே வலிமைமிக்க நியோடிமியம் காந்தங்கள் பொருத்தப்பட்டுள்ளன. அதைக் காந்தத்தால் அழிப்பதற்கென்றே தனியாகப் பெரிய இயந்திரங்கள் உள்ளன. வீட்டிலுள்ள டி.வி.யோ செல்போனோ அந்த வேலையைச் செய்துவிட முடியாது.

மின்னணு இடையூறு என்பது இங்கே எதிர்த்திசையில் நிகழ்கிறது. யு.எஸ்.பி. 3.0 வகைக் கருவிகளும் அவற்றின் கேபிள்களும் இயங்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உமிழ்கின்றன என்று 2012ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் ஆய்வறிக்கை வெளியிட்டது. வைஃபையும் கம்பியில்லா மவுஸும் பயன்படுத்தும் அலைவரிசையும் அதுவே. ஹார்டு டிஸ்க்கைச் செருகியவுடன் மவுஸ் தடுமாறினாலோ வைஃபை மந்தமானாலோ வியப்படைய வேண்டாம். அதைச் சற்றுத் தள்ளி வைத்து, தரமான கேபிளைப் பயன்படுத்தினால் போதும். அதில் எழுதப்பட்ட தகவலுக்கு இந்த இரைச்சலால் சேதமில்லை.

உண்மையான பகைவர்கள்

முதற்பகை மின்சாரம். சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் மேற்கு மலையடிவாரத்தில் இடி முழங்கும்போது, தொலைவில் விழும் மின்னல்கூட மின்கம்பி வழியே மிகை அழுத்தத்தை வீட்டுக்குள் அனுப்பிவிடக்கூடும். அவ்வேளையில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இடி நெருங்குமுன்பே பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். கோப்பு எழுதப்பட்டுக் கொண்டிருக்கையில் மின்சாரம் தடைப்பட்டாலும், நாமே அவசரத்தில் கேபிளைப் பிடுங்கினாலும், எந்தக் கோப்பு எங்கே உள்ளது எனக் கூறும் அட்டவணை சிதைந்துவிடும். மேசைக் கணினிக்கு யு.பி.எஸ். அவசியம். எடுக்குமுன் ‘எஜெக்ட்’ கட்டளை கொடுப்பதும் அவசியம்.

இரண்டாம் பகை அதிர்ச்சி. சுழலும் நிலையில் கீழே விழுந்தால் முனை தட்டில் மோதிக் கீறிவிடும். பேரொலியும் ஓர் அதிர்ச்சியே. 2016 செப்டம்பரில் ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டில் ஐ.என்.ஜி. வங்கியின் கணினி மையத்தில் தீயணைப்பு ஒத்திகை நடந்தது. வாயு பீறிட்ட ஓசையாலேயே ஹார்டு டிஸ்க்குகள் பழுதாகி, வங்கிச் சேவை பல மணி நேரம் முடங்கியது. ஹார்டு டிஸ்க் இயங்கும்போது அதைத் தூக்கிக் கொண்டு நடப்பதும், ஒலிபெருக்கியின் மீது வைப்பதும் வேண்டாம்.

மூன்றாம் பகை முதுமை. எவ்வளவு பேணினாலும் ஒருநாள் அது நின்றே தீரும். ‘டக், டக்’ என்று ஓசை எழுந்தால் மீண்டும் மீண்டும் செருகிப் பார்க்காமல் நிறுத்திவிட வேண்டும். திறந்து பார்ப்பதோ அறவே கூடாது. ஒரு தூசி போதும், தட்டு பாழாகிவிடும். சுழலும் தட்டில்லாத எஸ்.எஸ்.டி. வகை விழுந்தாலும் தாங்கும். ஆனால் மின்சாரமே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் பூட்டி வைத்தால் அதிலுள்ள மின்னூட்டம் கசிந்து தகவல் குன்றக்கூடும்.

ஒன்றை நம்பாதீர்!

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து ஒற்றை நகல்தான். 2023 ஆகஸ்ட் 26 அன்று இலங்கை அரசின் கணினி அமைப்பு தாக்கப்பட்டபோது, இணைப்பிலேயே இருந்த காப்பு நகலும் சேர்ந்து பூட்டப்பட்டது. ஏறத்தாழ மூன்றரை மாத அரசு மின்னஞ்சல்கள் மீளவில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தகவல் மையத்தில் மின்கலத் தீ பரவி, அரசு ஊழியரின் 858 டெராபைட் கோப்புகள் அழிந்தன. அவற்றுக்கு வேறிடத்தில் நகல் இல்லை. அரசுகளுக்கே இந்த நிலை என்றால் நம் அலமாரிக்கு என்ன உறுதி?

வல்லுநர்கள் கூறும் எளிய விதி 3-2-1 என்பது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில். கணினியில் ஒன்று, ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, கம்பத்திலோ சென்னையிலோ வளைகுடாவிலோ உள்ள உடன்பிறந்தாரிடம் ஒன்று. கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பும் இதற்குத் துணையாகும். நகல் எடுக்கும் நேரம் தவிர மற்ற வேளைகளில் ஹார்டு டிஸ்க்கைக் கணினியிலிருந்து கழற்றியே வைக்க வேண்டும்.

எடுத்த நகலைத் திறந்தும் பார்க்க வேண்டும். குர்ஆனை மனனம் செய்த ஹாபிழ், அதை மற்றொருவர் முன் மீண்டும் மீண்டும் ஓதிச் சரிபார்த்துக் கொள்கிறார். ஒருமுறை மனனமாகிவிட்டது என்று விட்டுவிட்டால் நழுவிவிடும் என்பதை மத்ரஸா மாணவர் அனைவரும் அறிவர். ஹார்டு டிஸ்க்கும் அவ்வாறே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இணைத்து, சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். ஐந்தாறு ஆண்டு கடந்தால் புதியதற்கு மாற்றிவிடுங்கள்.

இன்னும் இரண்டு செய்திகள். ஸ்கேன் செய்தாயிற்று என்று மூலப் பத்திரத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். படம் துணையாகுமே தவிர மூலத்தின் இடத்தைப் பெறாது. ஹார்டு டிஸ்க் எங்கே உள்ளது, கடவுச்சொல் என்ன என்பது குடும்பத்தலைவர் ஒருவருக்கே தெரிந்த இரகசியமாக இருந்தால், அவர் மறைந்தபின் வாரிசுகள் பூட்டிய பெட்டியின் முன் நிற்க நேரும். மனைவிக்கும் மக்களுள் ஒருவருக்கேனும் அது தெரிந்திருக்கட்டும். ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பழுதின்றி உரியவரிடம் சேர்ப்பதே அமானிதம். அடுத்த தலைமுறைக்குரியதை அவர்கள் கையில் சேர்க்கும் வழியை, வரும் விடுமுறை நாளிலேயே தொடங்குவோமாக!