சிடி மாட்டிக்கொண்டால் கத்தியை எடுக்காதீர்கள்

ஒரு சித்திரை மாத மதியத்தில் என் பழைய காரின் செட்டு, அப்பாவின் அறுபதாம் கல்யாண சிடியை விழுங்கிவிட்டுத் துப்ப மறுத்தது. எஜெக்ட் பட்டனை அமுக்கினால் உள்ளே 'கிர்ர்' என்று ஒரு முனகல். சிடியின் விளிம்பு நகக்கண் அளவுக்கு எட்டிப் பார்க்கும், உடனே உள்ளே போய்விடும். பக்கத்தில் இருந்த மைத்துனன் மாம்பழம் நறுக்க வைத்திருந்த கத்தியை எடுத்தான். "விடுங்க மாமா, ஒரு நெம்பு நெம்பினா வந்துரும்." கத்தி உள்ளே போனதும் சின்னதாக ஒரு 'டிக்'. செட்டின் விளக்கு அணைந்தது, பக்கத்தில் செருகியிருந்த செல்போன் சார்ஜரும் அணைந்தது. ஃப்யூஸ் போயிருந்தது. அந்தக் கத்தி நுனியில் ஒரு கரும்புள்ளியோடு இன்றும் எங்கள் சமையலறையில் கிடக்கிறது.

பென்டிரைவும் புளூடூத்தும் வந்த பிறகு சிடியை யார் போடுகிறார்கள் என்று கேட்கலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார் வைத்திருப்பவர்கள் போடுகிறார்கள். அப்படிப் போடும் சிடி பெரும்பாலும் கடையில் திரும்பக் கிடைக்காதது. வளைகாப்பு, அரங்கேற்றம், இறந்துபோன ஒருவரின் குரல் என்று ஏதாவது ஒன்று அதில் இருக்கும். செட்டைவிட சிடிக்கு மதிப்பு அதிகம் என்பதுதான் இங்கே சிக்கலே.

சிடியின் அகலம் 12 செ.மீ, தடிமன் 1.2 மி.மீ. வாயில் வைத்துத் தள்ளியதும் சென்சார் உணர, ஒரு ரப்பர் உருளை அதைப் பிடித்து உள்ளே இழுக்கும். வெளியே தள்ளுவதும் அதே உருளைதான். வயதானால் ரப்பர் வழவழப்பாகிப் பிடி தளரும். ஆனால் நான் பார்த்தவரை பெரிய குற்றவாளி ஸ்டிக்கர். ஸ்டுடியோக்காரர்கள் மாப்பிள்ளை பெண் படத்தை அச்சடித்து சிடியின் முதுகில் ஒட்டித் தருவார்களே, அதுதான். வெயிலில் நிறுத்திய காரில் பசை இளகும், காகிதத்தின் ஓரம் சுருண்டு கிளம்பும், அது வாயின் உள் விளிம்பில் போய்ச் சிக்கும். 8 செ.மீ குட்டி சிடியும், உள்ளே ஒன்று இருப்பது தெரியாமல் தள்ளிய இரண்டாவது சிடியும், குழந்தை உண்டியலாக நினைத்துப் போட்ட ஒரு ரூபாய் நாணயமும் மற்ற காரணங்கள்.

மாட்டிக்கொண்டால் முதலில் வண்டியை ஓரம் கட்டுங்கள். ஓட்டிக்கொண்டே ஒரு கையால் பட்டனைக் குத்துவதைவிட ஆபத்தான வேலை இதில் வேறு இல்லை. நிழலில் நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடு இறங்கியதும் தானாக வெளியே வந்த சிடிகள் உண்டு. பிறகு சாவியை முதல் நிலையில் வைத்து, எஜெக்ட் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி விடாமல் அமுக்கிப் பாருங்கள். பல செட்டுகளில் இது வலுக்கட்டாயமாக வெளியே தள்ளும் கட்டளை. முகப்பைக் கழற்றக்கூடிய செட்டாக இருந்தால் அதன் பின்னால் ரீசெட் என்று ஒரு சின்னத் துளையோ பட்டனோ இருக்கலாம். பேனா முனையால் மெல்ல அமுக்கினால் போதும். வைத்திருந்த ஸ்டேஷன்கள் அழிந்துபோகும், அவ்வளவுதான்.

அதற்கும் மசியாவிட்டால் செட்டுக்கான ஃப்யூஸைக் கழற்றிச் சில நிமிடம் கழித்து மாட்டலாம். எது செட்டின் ஃப்யூஸ் என்பது ஃப்யூஸ் பெட்டியின் மூடியிலோ கையேட்டிலோ இருக்கும். ஆனால் கம்பெனியிலேயே பொருத்தி வந்த சில செட்டுகளில் திருட்டுத் தடுப்புக் குறியீடு உண்டு. மின்சாரம் நின்று திரும்ப வந்ததும் எண்ணைக் கேட்கும். சிடியை மீட்கப் போய் ரேடியோவையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த எண் எழுதிய அட்டை கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஃப்யூஸில் கை வையுங்கள்.

வீடியோக்களில் காட்டும் வித்தைகளை நான் நம்புவதில்லை. இன்னொரு சிடியை உள்ளே விட்டு நெம்பினால் இரண்டும் மாட்டும். அட்டையில் இருபக்க டேப் ஒட்டி இழுத்தால் டேப் உள்ளேயே தங்கிவிடலாம். எண்ணெய் விட்டால் இருக்கிற பிடியும் போய் உருளை வழுக்கும். உலோகம் உள்ளே போனால் என்ன ஆகும் என்பதை என் மைத்துனன் காட்டிவிட்டான்.

செட்டையே வெளியே எடுப்பது வேறு கதை. டேஷ்போர்டுக்குள் ஏர்பேக் வயரிங் ஓடுகிறது, பொதுவாக மஞ்சள் உறையும் மஞ்சள் கப்ளருமாக. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருக்காமல் அந்தப் பக்கம் கை போகவே கூடாது. பழக்கம் இல்லாதவர்கள் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவது நல்லது. வாரன்ட்டி இருக்கும் செட்டு என்றால் அவரிடமும் போக வேண்டாம். சீல் உடைந்தால் கம்பெனிக்குச் சாக்குக் கிடைத்துவிடும்.

நானும் கடைக்குத்தான் போனேன். "சார், இதைப் பிரிச்சா வேலைக்கு ஆகாது. ஆண்ட்ராய்டு செட் போட்டுக்குங்க, பழசுக்கு ஐந்நூறு கழிச்சுக்கறேன்" என்றார் கடைக்காரர். தலையாட்டினேன். சாயங்காலம் புது செட் பளபளவென்று இருந்தது. "உள்ளே ஒரு சிடி இருந்ததே?" "அது செட்டோட போயிருச்சே சார்." பழைய செட்டுகளை மொத்தமாக எடுப்பவர் மத்தியானமே வந்து மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டாராம். நான் கொடுத்தது செட்டை, அதன் வயிற்றில் இருந்ததை அல்ல. ஆனால் அதைச் சொல்ல என் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

வேலைக்காக ஒருவரிடம் பொருளை ஒப்படைத்தால், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படி அவர் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவு சொல்வது இது. 170ஆம் பிரிவு கடைக்காரர் பக்கம் பேசுகிறது. சொன்ன வேலையை ஒழுங்காக முடித்திருந்தால், கூலி வரும்வரை அவர் பொருளைப் பிடித்து வைக்கலாம். எனவே கொடுக்கும்போதே 'செட்டுக்குள் சிடி ஒன்று உள்ளது, திருப்பித் தர வேண்டும்' என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். ஜாப் கார்டு இல்லாத கடையா? அதே வரியை வாட்ஸப்பில் அனுப்பி, டேஷ்போர்டையும் படம் எடுத்து வையுங்கள். பழைய பாகங்கள் உங்களுக்கு வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

பில் கேட்டால் "ஜிஎஸ்டி ஆகும் சார்" என்பார்கள். ஆனாலும் வாங்குங்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தராததை முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற போர்டு குறையுள்ள செட்டுக்குச் செல்லாது.

கப்ளரைப் பயன்படுத்தாமல் வயரை வெட்டி டேப் சுற்றி, மறுநாள் ஏர்பேக் விளக்கு எரிந்தால் அது சேவைக் குறைபாடு. முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். சில நூறு ரூபாய் விவகாரத்துக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம். சேதம் பெரிதென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இப்போது நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, கெடு இரண்டு ஆண்டு. பிழைப்புக்காகச் சொந்தமாக ஒரு டாக்சி ஓட்டுபவரும் சட்டத்தின் பார்வையில் நுகர்வோர்தான்.

என் விஷயம் அவ்வளவு தூரம் போகவில்லை. கடைக்காரர் போன் போட்டுக் கேட்டு ஒரு குடோனுக்கு அனுப்பினார். மூன்றாவது சாக்கில் என் செட்டு இருந்தது. அங்கிருந்த பையன் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி மேல் தகட்டைத் தூக்கியதும் அப்பாவும் அம்மாவும் மாலையோடு தெரிந்தார்கள். அப்பாவின் தோள்பக்கம் ஸ்டிக்கர் சுருண்டு உருளையில் ஒட்டியிருந்தது. பிரித்து எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இப்போது அது பென்டிரைவில் இருக்கிறது. கத்தி கீறிய இடத்தில் மட்டும் நாதஸ்வரம் இரண்டு முறை திக்கிவிட்டுத் தொடர்கிறது.