மக்காச்சோளத்தில் உற்பத்தித் திறன்

ஒரு விவசாயி போட்ட விதை, உரம், உழைப்புக்கு அதிகபட்சம் எவ்வளவு விளைந்திருக்கக்கூடுமோ, அதில் எத்தனை பங்கை அவர் எடுத்தார் என்பதே உற்பத்தித் திறன். ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்ற கணக்கு வேறு. உரத்தை அள்ளிக் கொட்டி 30 மூட்டை எடுப்பவரைவிட, பாதிச் செலவில் 20 மூட்டை எடுப்பவர் திறன் மிக்கவராக இருக்கலாம்.

இந்த அளவுகோலை 1957இல் வகுத்தவர் பிரிட்டிஷ் பொருளியலாளர் மைக்கேல் ஃபாரல். அவர் முறையில், மழை பொய்த்ததால் வந்த நட்டமும் விவசாயியின் கணக்கிலேயே சேர்ந்தது. 1977இல் வந்த புள்ளியியல் முறைதான் மழை, பூச்சி போன்ற தற்செயல்களைத் தனியே பிரித்தது.

பெரம்பலூர் மாவட்டத்தின் கரிசல் காடுகளில் மக்காச்சோளம் பெரும்பாலும் மானாவாரிப் பயிர். 60 செ.மீ. வரிசையில் 25 செ.மீ.க்கு ஒரு செடி என்றால் ஏக்கருக்குச் சுமார் 27,000 செடிகள். நெல்லில் ஒரு நாற்று போனால் பக்கத்துக் குத்து தூர் கட்டி இடத்தை நிரப்பும். வீரிய ஒட்டு மக்காச்சோளம் பெரும்பாலும் தூர் கட்டாது. முளைக்காத இடம் அறுவடை வரை ஏறக்குறைய வெறும் இடம்தான். 2018இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழுவோ குருத்துக்குள் புகுந்து தின்னும். அதற்கான ஒரே மருந்தை ஒருவர் இலைமேல் தெளித்து வீணாக்குவார். மற்றொருவர் குருத்துக்குள் இறங்கும்படி அடித்துப் பயிரைக் காப்பார். செலவு ஒன்றே, விளைச்சல் வேறு.

பூக்கும் பருவம் இன்னும் கடுமையானது. கதிரின் ஒவ்வொரு பட்டு இழையும் ஒரு மணிக்கு உரியது. அந்த நேரத்தில் வறட்சி வந்தால் இழைகள் வெளிவரப் பிந்தும், அதற்குள் மகரந்தம் கொட்டித் தீர்ந்துவிடும், கதிர் பொக்கையாகும். ஈரமிருக்கும்போது மேலுரம் இட்டவரும், யூரியா கிடைக்காமல் பத்து நாள் பிந்தியவரும் ஒரே மூட்டை உரத்துக்கு வெவ்வேறு விளைச்சலைத்தான் காண்பார்கள்.

சிறு விவசாயிகள் ஏழைகள், ஆனால் தங்களிடம் உள்ளதைத் திறமையாகவே பயன்படுத்துகிறார்கள் என்று பொருளியலாளர் தியோடர் ஷுல்ட்ஸ் 1964இல் வாதிட்டார். அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று குவாத்தமாலாவின் பனஹாசெல் ஊர். அந்த வாதத்தை முழுதாக ஏற்காதவர்களும் உண்டு. ஆனாலும் திறன் குறைவு என்று கணக்கு சொன்னால், விவசாயியைக் குறை சொல்லும் முன் அவருக்குக் கடனும் உரமும் எந்தத் தேதியில் கிடைத்தன என்று கேட்க வேண்டும்.